யளனகபாதமட

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தங்கச்சியின் மகள் புது லப்டொப் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் லிங்கநகர் வீட்டுக்கு வந்தாள். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள், இரண்டாம் வருடம். மூடியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவள் இன்னும் உரிக்கவில்லை. தகப்பன் கந்தோரில் கடன் எடுத்து வாங்கிக் கொடுத்தது.

“மாமா, இதில உபுண்டு ஏத்தித் தாங்க. விண்டோசும் இருக்கட்டும். அப்பாட்ட இப்ப சொல்ல வேணாம், பயந்துருவார்.”

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. அந்த வருடம் எங்கள் நாட்டில் லப்டொப் என்பது காணி வாங்குவது மாதிரி யோசித்து வாங்கும் சாமானாகிவிட்டது. அப்படி வாங்கிய ஒன்றைத் திறந்து, அதோடு வந்த இயங்குதளத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றைக் குடியேற்றுவதென்றால் எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு அடிக்கும். (எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் பணிசெயல் முறைமை. தமிழ்நாட்டார் சொல்லும் இயங்குதளம் வாய்க்குச் சுலபமாக இருப்பதால் அதையே சொல்லிப் பழகிவிட்டேன்.)

உவர்மலைக்கு அடுத்த எங்கள் லிங்கநகரில், வீட்டின் முன்னறையில், 25 வருடமாகக் கணினி திருத்துகிறேன். இரவில் வேலை செய்யும்போது துறைமுகத்துக்குள் வரும் கப்பலின் ஊதல் கேட்கும். அக்கரையில் சீனக்குடா மா ஆலையின் விளக்குகள் தண்ணீரில் நீளமாக விழுந்து கிடக்கும். அந்த அறையில்தான் அவளுடைய மெசினைத் திறந்து, உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பு ஏற்றிய பென்ட்ரைவைச் செருகினேன். திரை வந்தது. மொழி கேட்டது. பிறகு, இந்தக் கணினியில் வன்தட்டே இல்லை என்று சொல்லி நின்றது.

வன்தட்டு இருந்தது. 2020-க்குப் பிறகு வந்த பல இன்டெல் மடிக்கணினிகளில் வட்டு நேரடியாக வெளியே தெரிவதில்லை, வி.எம்.டி. என்ற ஓர் ஏற்பாட்டுக்குப் பின்னால் நிற்கும். அதோடு பேசத் தெரிந்த இயக்கி விண்டோசில் முன்கூட்டியே இருக்கும். லினக்ஸ் நிறுவி பல வேளைகளில் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. “புதுசெண்டுதானே வாங்கினது மாமா, ஏன் ஏலாதாம்?”

புதுசு என்பதால்தான் ஏலாது. இதை அவளுக்கு விளக்கத் தொடங்கியபோதுதான், என் வாழ்நாளில் பாதியை இந்த ஒரு விஷயத்தோடு கழித்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. பழைய கணினி லினக்சை அணைத்துக்கொள்ளும், புதுக் கணினி தள்ளி நிற்கும். கருவி செய்கிறவன் அதைக் கடைக்கு அனுப்பும் முன்பே விண்டோசுக்கான இயக்கியை எழுதி முடித்துவிடுகிறான். லினக்ஸ்காரர் பலருக்கு அந்தக் கருவி கையில் கிடைத்த பிறகுதான் வேலையே ஆரம்பம். ஒருவர் அதைப் புரிந்துகொண்டு எழுதி, அது லினக்சின் மையமான கேர்னலுக்குள் போய், அங்கிருந்து உபுண்டு போன்ற தொகுப்புக்கு வந்து சேர மாதங்கள் ஆகும், சிலவேளை வருடங்கள். அந்த இடைவெளியில் அகப்பட்டவர்களின் கதைதான் லினக்சின் கதை.

லினக்ஸ் பிறந்ததே அப்படி ஒரு புது மெசினில்தான். 1991 ஜனவரியில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 386 கணினி ஒன்றைத் தவணைக் கடனில் வாங்கினார். அதோடு வந்தது டொஸ். அது அவருக்குப் போதவில்லை. மினிக்ஸ் என்ற பாடப்புத்தக இயங்குதளத்தை வரவழைத்து ஏற்றினார். அதிலும் குறை கண்டு, பல்கலைக்கழகக் கணினியோடு தொலைபேசி வழியாகப் பேசத் தானே ஒரு நிரல் எழுதினார். அது வளர்ந்தது. ஒருநாள் மோடத்துக்கு அனுப்பவேண்டியதைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பி, மினிக்ஸ் இருந்த பகுதியைக் கெடுத்துவிட்டார். திரும்ப மினிக்ஸ் ஏற்றாமல் தன் நிரலிலேயே நின்றுகொண்டார். அதற்கு முன்பே, அந்த ஆகஸ்ட் 25-ஆம் திகதி, உலகத்துக்கு அறிவித்திருந்தார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டம் அப்போது ஒரு முழு இயங்குதளத்துக்கு வேண்டிய கருவிகளில் பெரும்பகுதியைச் செய்து வைத்திருந்தது. கேர்னல் மட்டும் இல்லை. 1992-இல் லினக்ஸ் குனூவின் பொது உரிமத்துக்குள் வந்தது: யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதே சுதந்திரத்தோடு கொடுக்க வேண்டும்.

மருமகள் கேட்டாள்: “அவரும் கடனிலயா வாங்கினவர்?”

ஓம், கடனில்தான்.

எங்கள் ஊருக்கு லினக்ஸ் வந்தது இந்திய இதழ் ஒன்றோடு. பீசிக்வெஸ்ட் என்ற அந்த இதழ் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து லினக்ஸ் சீடியை இதழோடு சேர்த்துத் தந்துவந்தது. திருச்சியில் படித்த ஒரு நண்பர் 1999-இல் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் எத்தனை சோதனைச் சாவடிகளில் அந்தச் சீடியை வெளியே எடுத்துக் காட்டி விளக்கம் சொன்னார் என்று அவரே எண்ணி வைத்திருந்தார். அப்போது கொழும்பு யூனிட்டி பிளாசாவில் வாங்கிவந்த என் கணினி மூன்று மாதக் குழந்தை. மொனிட்டர் ஒரு வினாடியில் எத்தனை தடவை கோடு கீறும் என்ற எண்களை நானே தேடி எழுதிக் கொடுத்தால்தான் வரைகலைத் திரை வரும். தவறான எண் கொடுத்தால் மொனிட்டர் எரியக்கூடும் என்று எச்சரிக்கை வேறு. நான் அந்த விசையை அழுத்துமுன் அம்மா சாமியறையில் விளக்குக் கொளுத்தினா. மொனிட்டர் எரியவில்லை. ஆனால் மோடம் வேலை செய்யவில்லை. அது பாதி வேலையைத் தானும் மீதியை விண்டோஸ் நிரலும் செய்யும் வகை மலிவு மோடம். விண்டோஸ் இல்லாவிட்டால் அது ஒரு தகரத் துண்டு. நாலு மாதம் கழித்து வெளியே வைக்கும் பழைய மோடம் ஒன்று அகப்பட்டது. செருகியதும் பேசியது. பழையது பேசும் என்ற பாடம் அன்று படித்தது.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோடமும் மொனிட்டரும் எல்லா நாட்டுக்காரருக்கும் வந்த கஷ்டம். எங்களுக்கு அதற்குமேல் ஒன்று இருந்தது: அந்த இயங்குதளத்துக்குத் தமிழ் தெரியாது.

அம்மா அரசாங்கக் கந்தோரில் தமிழ்த் தட்டெழுத்தாளராக 31 வருடம் வேலை செய்தவ. தட்டெழுத்து வகுப்பில் முதல் கிழமை முழுவதும் ஒரே வரி. இடக்கைக்கு ய, ள, ன, க, ப. வலக்கைக்கு அரவு (ா), த, ம, ட. யளனகபாதமட, யளனகபாதமட என்று தாள் நிறையும் வரை. தமிழுக்குத் தட்டெழுத்து இயந்திரம் செய்தவர் இரா. முத்தையா, யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து சிங்கப்பூருக்குப் போனவர். 247 எழுத்து என்று நாம் பெருமையாகச் சொல்வதை ஒரு கையகல விசைப்பலகைக்குள் அடக்குவது எப்படி என்று வருடக்கணக்காக உட்கார்ந்து யோசித்தார். அடித்தாலும் தாள் நகராத விசைகளை அமைத்து, குறி ஒன்றையும் எழுத்து ஒன்றையும் ஒரே இடத்தில் விழவைத்தார். இயந்திரத்தை ஜெர்மனியில் செய்வித்தார். அவருடைய விசை ஒழுங்கு பிறகு பல கைகள் பட்டு மாறியது. ஆனாலும் என் அம்மாவின் விரல்களில் ஓடுவது அந்தச் சுண்டிக்குளி மனிதர் தொடங்கிவைத்த யோசனைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் கணினிகளுக்குப் பாமினி வந்தது. அது வெறும் எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த ஏற்பாடு. நடு வரிசை அதே யளனகபாதமட. அதனால் அம்மாவுக்கு ஒரே நாளில் பழகிவிட்டது. பாமினியில் தமிழ் என்ற சொல்லை வலக்கை ஒன்றே அடித்து முடித்துவிடும்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. சிக்கல் அங்கேதான். கணினியின் நினைவில் இருப்பதும் அதே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். எழுத்துரு இல்லாத மெசினில் திறந்தால் தமிழ் காணாமல் போய்விடும். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் மலர், கவிதைத் தொகுப்பு என்று ஒரு தலைமுறையின் எழுத்து முழுக்க அந்தப் பூட்டுக்குள் கிடந்தது. இன்றும் பாதி கிடக்கிறது.

அதே காலத்தில் அறிஞர்கள் குறியாக்கத்தைப் பொதுவாக்க முயன்றார்கள். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய மாநாடு, 1999 பெப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு. ஒரு பக்கம் டிஸ்கி, மறு பக்கம் டாப், டாம் என்று குறியாக்கங்கள். இவற்றுக்கு மேலே யூனிகோட். 1991-இலேயே தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது, இந்தியாவின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றி. இடம் இருந்தால் போதுமா? யூனிகோட்டில் ‘கெ’ என்பதை முதலில் க, பிறகு கொம்பு என்று வைத்திருப்பார்கள். திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் நிற்கவேண்டும். இந்த நடனத்தை ஆட யாராவது கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். விண்டோசுக்கு அதன் கம்பெனி கற்றுக்கொடுத்தது. லினக்சுக்கு?

லினக்சுக்கு நாங்களே. நாங்கள் என்று சொல்வதற்கு எனக்கு உரிமை குறைவு, நான் மொழிபெயர்த்தது சில நூறு வரிகள் மட்டும். ஆனால் 2000-ஐ ஒட்டி உலகத்தின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள், அவர்களுள் ஈழத்தவர்களும் உண்டு, கேடிஈ என்ற லினக்ஸ் மேசைத்தளத்தைத் தமிழாக்கினார்கள். சம்பளம் இல்லை. ஒருவரை ஒருவர் நேரில் கண்டதும் இல்லை. கேடிஈ நிற்பது கியூட்டி என்ற நிரல் நூலகத்தின் மேல். அதைச் செய்தது நோர்வேயின் ஒஸ்லோவில் இருந்த ஒரு சிறு கம்பெனி. அந்த நூலகத்துக்குள் டிஸ்கித் தமிழும் போய்ச் சேர்ந்தது. 2002 பெப்ரவரியில் நோர்வேயின் ஏற்பாட்டில் இங்கே போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானபோது ஊரெல்லாம் ஒஸ்லோ பேச்சு. என் அறையில் ஒஸ்லோ என்றால் திரையில் தமிழ் தெரிவது. முதன்முதலாக ஒரு முழுக் கணினித் திரை, பட்டியலும் பொத்தானும் பிழைச் செய்தியும்கூட, தமிழில் வந்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, முதலில் ஓர் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டினா. அதைத் திருத்தி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் அது சரியாக வந்தது. எங்கள் வீட்டு விறாந்தையில் கண்ட பிழை உலகத்துக்கே திருத்தப்பட்டதை நான் இன்றும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

பாங்கோ, பிறகு ஹார்ப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நிரல்கள் வளர வளரக் கொம்புப் பிரச்சினை தீர்ந்தது. தமிழா! என்ற தன்னார்வக் குழு ஓப்பன் ஆபிசையும் மொசில்லாவையும் தமிழுக்குக் கொண்டுவந்தது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் யூனிகோட்டிலும் படங்களாகவும் ஏற்றத் தொடங்கியபோது, அடித்தால் அழியாது என்ற நம்பிக்கை எழுத்தில் எங்களுக்கு வந்தது.

இதற்கு நடுவில் கடல் வந்தது. 2004 டிசம்பர் 26. திருகோணமலை மாவட்டத்தின் கரையில் என்ன நடந்ததென்று இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. அலை அடித்த சில நாட்களுக்குள் கொழும்பில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சுற்றி நின்ற தன்னார்வ நிரலாளர்கள் சஹன என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். சிங்களத்தில் சஹன என்றால் ஆறுதல், நிவாரணம். காணாமல்போனவர் யார், எந்த முகாமில் யார், எந்த முகாமுக்கு என்ன தேவை என்று ஒழுங்காகப் பதிந்து தேட உதவும் கட்டற்ற மென்பொருள். அதற்கு முன் உலகத்தில் எவரும் இலவசமாகத் தூக்கிப் பயன்படுத்தும்படி அப்படி ஒன்று இருக்கவில்லை. அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், அதன் பிறகு பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் அது உதவியது. 2006-ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது. கட்டற்ற மென்பொருள் வெளியிலிருந்து வரும் பண்டம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

2006 எங்களுக்கு இன்னொரு விதமாக விடிந்தது. ஜனவரி 2-ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்தது. அதன் பிறகு கடைகள் எரிந்தன. ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டது. என்னிடம் படிக்க வந்த பிள்ளைகள் ஆறு மணிக்குமுன் வீட்டுக்குள் நிற்கவேண்டும் என்று தாய்மார் சொல்லியனுப்பினார்கள். இன்டர்நெட் தொலைபேசிக் கம்பி வழியாகச் சொட்டியது. 700 மெகாபைட் இறக்குவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அந்த நாட்களில் உபுண்டு ஒரு நல்ல காரியம் செய்தது. 2004 ஒக்டோபரில் முதல் பதிப்பு வந்ததிலிருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சீடியைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். ஷிப்இட் என்று அதற்குப் பெயர். தபால் செலவும் அவர்களுடையதே. 6.06 பதிப்புக்கு எழுதிப் போட்டேன். பொதி வருமா என்று சந்தேகத்தோடு வாரக்கணக்காகப் பார்த்திருந்தேன். ஒருநாள் தபாற்கந்தோரில் கூப்பிட்டு, நெதர்லாந்து முத்திரையோடு ஒரு கடதாசிப் பொதியைத் தந்தார்கள். உள்ளே பத்துச் சீடி. வட்டை இட்டு நிறுவாமலே கணினியில் ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் ஏற்றலாம். பத்தையும் பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். அவர்கள் பிரதி எடுத்துப் பத்துப் பேரிடம் கொடுத்தார்கள். அதுவரை அவர்கள் தொட்ட மென்பொருள் எல்லாம் நூறு ரூபாய்க்கு விற்ற களவுப் பிரதி. 2003-இன் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைக் குற்றம் என்று சொன்னது. தெருவில் எவரும் அதைக் கேட்கவில்லை. பிரதி எடுப்பதே நேர்மையான செயலாக இருக்கும் ஒரு பொருளை அந்தப் பிள்ளைகள் முதன்முதலாகக் கையில் பிடித்தார்கள். ஷிப்இட் 2011-இல் நின்றது.

இந்த வேலையில் நான் செய்த பிழை ஒன்றும் இருக்கிறது. 2007-இல் ஒரு தாய் தன் கணினியைக் கொண்டுவந்தா. மகனை அலை கொண்டுபோனது, வீட்டிலிருந்த அல்பமும் போனது. வெளிநாட்டு உறவினர் தங்களிடமிருந்த படங்களை வருடிச் சீடியில் அனுப்ப, அதைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தா. வைரஸ் வந்து மெசின் நின்றுவிட்டது. லினக்ஸ் போட்டால் வைரஸ் தொல்லை இராது என்று சொல்லி நான் நிறுவத் தொடங்கி, பகுதி பிரிக்கும் இடத்தில் தவறான பகுதியைத் தெரிவுசெய்துவிட்டேன். அழிந்தது. அந்த இரவும் அடுத்த இரண்டு இரவும் போட்டோரெக் என்ற கட்டற்ற கருவியைக் கொண்டு வன்தட்டைக் கிண்டினேன். அது படத்தை மீட்கும். கோப்பின் பெயரை மீட்காது. எண்கள் மட்டும் இருக்கும். அந்தத் தாய் என் பக்கத்தில் கதிரையில் இருந்து ஒவ்வொரு படத்துக்கும் திரும்பப் பெயர் சொன்னா, நான் அடித்தேன். எல்லாம் கிடைக்கவில்லை. அன்று தொடக்கம், வன்தட்டைத் தொடுமுன் முழுவதையும் வேறிடத்தில் பிரதி எடுக்காமல் நான் ஒரு விசையும் அழுத்துவதில்லை.

போர் முடிந்த வருடம், 2009-இல், ஹந்தான லினக்ஸ் வந்தது. பேராதனைப் பக்கத்து மலைத்தொடரின் பெயர். பெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாக வைத்து இலங்கையரே தொகுத்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் அதில் இடம் இருந்தது. அதற்கு முந்திய வருடம், எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரத்தில் தமிழ் விசைப்பலகைக்கு ரெங்கநாதன் ஒழுங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதைப் பார்த்து அம்மா சொன்னது ஒரு சொல்: “எங்கட தட்டெழுத்துத்தான்.” தட்டெழுத்துப் பழகிய விரலை அது அந்நியமாக்கவில்லை. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்று கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகளின் முதல் மெசினிலேயே இரண்டு வாசல்.

வாசல் என்றதும் 2012 ஞாபகம் வருகிறது. அந்த ஒக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது. அதோடு, கணினியை எழுப்பும் பழைய பயோசின் இடத்தை யூ.ஈ.எப்.ஐ. பிடித்துக்கொண்டது, செக்யூர் பூட் கட்டாயமானது. கணினி விழித்தெழும்போது முதலில் ஓடும் நிரலில், மெசினுக்குத் தெரிந்த ஒருவரின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் ஓடவிடாது. களவு நிரல் புகாமல் காக்கும் நல்ல நோக்கம் அதில் உண்டு. ஆனால் எல்லா மெசினுக்கும் தெரிந்த கையொப்பம் மைக்ரோசொப்டினுடையது. லினக்ஸ் உலகம் கலங்கிப்போனது. மத்தியூ கரெட் என்ற நிரலாளரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஷிம் என்ற ஒரு சிறு நிரலை எழுதினார்கள். ஷிம் என்றால் இடுக்கில் செருகும் ஆப்பு. மைக்ரோசொப்டின் கையொப்பத்தை அதற்கு மட்டும் வாங்கி, அது எழுந்ததும் லினக்சின் சொந்தச் சாவியைச் சரிபார்த்து மற்றதை எழுப்பும்படி செய்தார்கள். இன்று உபுண்டுவோ பெடோராவோ புது மெசினில் சத்தமில்லாமல் எழுந்தால் அந்த ஆப்புத்தான் காரணம். அந்தக் கையொப்பத்துக்கான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழுக்கு 2026 ஜூன் வரைதான் ஆயுள் என்பதால், சாவி மாற்றும் வேலை இப்போது திரும்பவும் வந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதி விண்டோஸ் 10-இன் ஆதரவு முடிந்தபோது, விண்டோஸ் 11 ஏற்க மறுத்த மெசின்களை ஆட்கள் என்னிடம் கொண்டுவந்தார்கள். ஏழெட்டு வருடம் பழசு. லினக்ஸ் எல்லாவற்றிலும் ஒரே மூச்சில் ஏறியது. ஒரு கேள்வி கேட்கவில்லை.

புதுசுதான் கேட்கும். மருமகளின் மெசினுக்கு முன்னால் இரவு எட்டு மணிக்குத் திரும்ப உட்கார்ந்தோம். முதலில் அதிலிருந்தது எல்லாவற்றையும் வெளி வட்டில் பிரதி எடுத்தோம். விண்டோஸ் தானாகவே வட்டைப் பூட்டி வைத்திருந்தது. அந்தப் பூட்டின் 48 இலக்க மீட்புச் சாவியை அவள் கொப்பியில் கையால் எழுதவைத்தேன். திரையைப் படம் பிடித்தால் போதாதா என்று கேட்டாள், போன் தொலைந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பூட்டை இடைநிறுத்தி, வேகத் தொடக்கத்தையும் அணைத்தோம். அதை விட்டால் விண்டோஸ் முழுவதும் தூங்காமல் வட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். விண்டோசை அடுத்த தடவை பாதுகாப்பு நிலையில் எழும்படி சொல்லிவிட்டு, யூ.ஈ.எப்.ஐ. அமைப்புக்குள் போய் வி.எம்.டி.யை நிறுத்தினோம். விண்டோஸ் ஒருதடவை பாதுகாப்பு நிலையில் எழுந்து புது ஏற்பாட்டைப் புரிந்துகொண்டது. பிறகு பென்ட்ரைவ். நிறுவி இப்போது வட்டைக் கண்டது. பகுதி பிரிக்கும் திரையில் நான் கையை எடுத்துவிட்டேன். “நீயே வாசி, நீயே தெரி,” என்றேன். அவள் மூன்று தடவை வாசித்துவிட்டு அழுத்தினாள்.

வைபை வரவில்லை, சிப் புதிது. போனை வயரால் இணைத்து இன்டர்நெட் எடுத்து, புதிய கேர்னலை இறக்கிய பிறகு வந்தது. பதினொரு மணியாகிவிட்டது. அம்மா இன்னும் படுக்கவில்லை. விறாந்தையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவவுக்கு இப்போது 83 வயது.

ஐபஸ் உள்ளீட்டுப் பொதியை ஏற்றி, விசைப்பலகைப் பட்டியலில் தமிழைத் திறந்தேன். தமிழ்99 இருந்தது, ஒலிப்பியல் இருந்தது, தட்டச்சு இருந்தது, அதோடு இலங்கை என்ற அடையாளத்தோடு ரெங்கநாதனும் இருந்தது. உலகத்தில் எவர் இந்தப் பொதியை இறக்கினாலும் அந்தப் பெயரும் சேர்ந்து இறங்கும். ரெங்கநாதனைத் தெரிவுசெய்து, வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, லப்டொப்பை அம்மாவின் மடியில் வைத்தாள் மருமகள்.

அம்மா விசைகளைப் பார்க்கவில்லை. அவற்றில் ஆங்கிலம்தான் இருந்தது. சுட்டுவிரல்களை அவற்றின் இடத்தில் வைத்துக்கொண்டா. வலக்கைச் சுண்டுவிரல் வாதத்தில் கொஞ்சம் வளைந்திருக்கிறது. முதலில் மெதுவாக, பிறகு ஒரே தாளத்தில்: யளனகபாதமட யளனகபாதமட யளனகபாதமட. ஒரு வரி நிறைந்து அடுத்த வரிக்குத் தானாகப் போனது. அவ நிறுத்தினா.

“மணி அடிக்கேல்லையே?”

தட்டெழுத்து இயந்திரத்தில் வரி முடியப்போகும்போது ஒரு மணி அடிக்கும். மருமகள் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. நான் விளக்கினேன். அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதில நாங்க அத எழுதலாம்தானே மாமா? எடிட்டரிண்ட சோர்ஸ் கிடைக்கும்தானே?”

கிடைக்கும் என்றேன். கதிரையை இழுத்துப் போட்டு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரி முடிந்ததும் மணி அடிக்கிற மாதிரிச் செய்கிறேன் என்று சொன்னாள். அம்மா தலையை ஆட்டினா.

“முடிஞ்ச பிறகு இல்ல பிள்ளை. முந்தி அடிக்கோணும். ஏழெட்டு எழுத்துக்கு இடம் இருக்கேக்கயே.”

மருமகள் கொப்பியை எடுத்து, 48 இலக்கத்துக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டாள்.